கையில் வவுச்சர், எதிரே காலண்டர்: அமெரிக்காவில் வாடகை உதவி கிடைத்தும் பலருக்கு வீடு கிடைக்காமல் போவது ஏன்?

வருடக்கணக்கில் காத்திருந்து ஒரு கடிதம் வருகிறது. "உங்கள் முறை வந்துவிட்டது. இனி உங்கள் வீட்டு வாடகையின் பெரும்பகுதியை அரசே செலுத்தும்." கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்தக் கடிதத்தைத் தொடர்ந்து கையில் கிடைக்கும் படிவத்தின் மேல் பகுதியில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று, வவுச்சர் கொடுக்கப்பட்ட தேதி. இன்னொன்று, அது காலாவதியாகும் தேதி. பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் 60 நாட்கள்.

அந்த 60 நாட்களுக்குள் வீடு தேட வேண்டும். வீட்டு உரிமையாளரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். உரிய விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் வவுச்சர் போச்சு. திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

இது எந்தத் திட்டம்? 60 நாள் கணக்கு எப்போது ஓடும், எப்போது நிற்கும்? கூடுதல் நாட்கள் கேட்டால் கொடுப்பார்களா? விரிவாகப் பார்க்கலாம்.

அது என்ன 'செக்‌ஷன் 8'?

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கான மிகப் பெரிய வாடகை உதவித் திட்டத்தின் பெயர் 'ஹவுசிங் சாய்ஸ் வவுச்சர்'. பேச்சு வழக்கில் 'செக்‌ஷன் 8' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1937-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில், 1974-இல் திருத்தம் செய்து சேர்க்கப்பட்ட 8-வது பிரிவில் இருந்து வந்த பெயர் இது.

பணம் கொடுப்பது மத்திய அரசு. அதாவது 'ஹட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை. ஆனால் மக்களிடம் வவுச்சரைக் கொடுப்பதும், வீட்டைப் பரிசோதிப்பதும், உரிமையாளருக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதும் உள்ளூர் வீட்டுவசதி முகமைகள்தான். நாடு முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட முகமைகள் இந்தத் திட்டத்தை நடத்துகின்றன. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதில் பயன்பெறுகின்றன.

அரசு கட்டிய குடியிருப்பில் ஒரு வீட்டை ஒதுக்கித் தருவது வேறு திட்டம். இதில் குடும்பமே வெளிச்சந்தையில் வீட்டைத் தேடிக்கொள்ள வேண்டும். குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுக்கும். மீதியை, ஒரு வரம்புக்குள், முகமை நேரடியாக வீட்டு உரிமையாளருக்குச் செலுத்தும்.

ரேஷன் கார்டு மாதிரி, தகுதி இருந்தால் எல்லோருக்கும் கிடைக்கும் உதவியும் அல்ல இது. அமெரிக்க நாடாளுமன்றம் ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு பணம் ஒதுக்குகிறதோ, அந்த அளவுக்குத்தான் வவுச்சர். மத்திய அரசின் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் உதவி கிடைக்கிறது. மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார்கள், அல்லது பட்டியலில் சேரவே வாய்ப்பில்லாமல் இருக்கிறார்கள்.

நியூயார்க் நகரையே எடுத்துக்கொள்வோம். அங்கே இந்தப் பட்டியலில் பெயர் சேர்ப்பது 2009-இல் நிறுத்தப்பட்டது. மறுபடி திறந்தது 2024 ஜூனில், அதுவும் ஒரே ஒரு வாரத்துக்கு. விண்ணப்பித்தவர்களில் 2 லட்சம் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். அதாவது குலுக்கலில் ஜெயித்தால் கிடைப்பது வவுச்சர்கூட அல்ல. வரிசையில் ஓர் இடம். லாஸ் ஏஞ்சலீஸிலும் இதே கதைதான். 2017-க்குப் பிறகு 2022 அக்டோபரில் இரண்டு வாரம் பட்டியல் திறந்தது. 30,000 பேருக்குக் குலுக்கலில் இடம் கிடைத்தது.

இப்படிக் கிடைக்கும் வவுச்சர் 60 நாளில் காலாவதியாவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது இப்போது புரிந்திருக்கும்.

60 நாள் என்பது யார் போட்ட கணக்கு?

மத்திய அரசின் விதி. வவுச்சரின் முதல் தேடல் காலம் 'குறைந்தது 60 காலண்டர் நாட்கள்' இருக்க வேண்டும் என்கிறது அது. இதில் இரண்டு வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, 'குறைந்தது'. 60 என்பது கீழ் வரம்புதான். ஒரு முகமை நினைத்தால் முதலிலேயே 90 நாளோ 120 நாளோ கொடுக்கலாம். வீடு கிடைப்பது கஷ்டமான ஊர்களில் சில முகமைகள் அப்படிக் கொடுக்கவும் செய்கின்றன. அதனால் பக்கத்து ஊரில் இருக்கும் உறவினர் "எனக்கு நாலு மாசம் கொடுத்தாங்களே" என்று சொல்வதை நம்பி நிதானமாக இருந்துவிடக் கூடாது. உங்கள் படிவத்தில் என்ன தேதி அச்சாகியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

இன்னொன்று, 'காலண்டர் நாட்கள்'. வேலை நாட்கள் அல்ல. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாமே எண்ணிக்கையில் சேரும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் வவுச்சர் வாங்கியவர்களுக்கு, அலுவலகங்கள் மூடியிருக்கும் நாட்களும் போய்விடும்.

வவுச்சரைக் கொடுக்கும்போது முகமை ஒரு விளக்கக் கூட்டம் நடத்தியாக வேண்டும். ஒரு தகவல் தொகுப்பும் கொடுக்க வேண்டும். தேடல் காலம் எவ்வளவு, நீட்டிப்பு கேட்க என்ன வழி என்பதெல்லாம் அந்தத் தொகுப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். பலர் அதைப் பைக்குள் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். முதல் நாளிலேயே படிக்க வேண்டிய காகிதம் அதுதான்.

கடிகாரம் எப்போது நிற்கும்?

இந்தத் திட்டத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

பொருத்தமான வீடு கிடைத்து, உரிமையாளரும் சரி என்றால், குடும்பம் முகமையிடம் 'வாடகை ஒப்புதல் கோரிக்கை' என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். வீட்டு முகவரி, வாடகை, மின்சாரம், தண்ணீர் கட்டணங்களை யார் கட்டுவது போன்ற விவரங்கள் அதில் இருக்கும். உரிமையாளரும் குடும்பமும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தைக் கொடுத்த நாளோடு 60 நாள் எண்ணிக்கை நின்றுவிடும். முகமை 'ஒப்புதல்' அல்லது 'மறுப்பு' என்று எழுத்துப்பூர்வமாகச் சொல்லும் வரை அது மறுபடி ஓடாது. ஒரு காலத்தில் இப்படி நிறுத்தி வைப்பது முகமையின் விருப்பமாக இருந்தது. இப்போது கட்டாயம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு குழந்தைகளோடு இருக்கும் ஒரு தாய்க்கு மார்ச் 3 அன்று வவுச்சர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 நாள் எண்ணினால் மே 2 கடைசி நாள். அவர் தேடி அலைந்து, ஏப்ரல் 12 அன்று ஒரு வீட்டுக்கான படிவத்தைக் கொடுக்கிறார். 40 நாட்கள் முடிந்துவிட்டன. 20 நாட்கள் பாக்கி. அங்கே கடிகாரம் நிற்கிறது.

முகமை வீட்டைப் பார்க்கிறது. குறைகள் இருக்கின்றன, உரிமையாளர் சரிசெய்ய மறுக்கிறார். ஏப்ரல் 27 அன்று 'மறுப்பு' என்று கடிதம் வருகிறது. அன்றிலிருந்து மிச்சமிருக்கும் 20 நாட்கள் ஓடத் தொடங்கும். புதிய கடைசி நாள், மே 17.

முகமை எண்ணும் விதத்தில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். அதனால் மறுப்புக் கடிதம் வந்த உடனே, "புதிய காலாவதித் தேதி என்ன?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம். வீட்டைப் பார்த்ததோ, உரிமையாளரிடம் பேசியதோ, அவர் நடத்தும் தனி விண்ணப்பத்துக்குக் கட்டணம் கட்டியதோ கடிகாரத்தை நிறுத்தாது. "ஓனர் ஓகே சொல்லிட்டாரு, அடுத்த வாரம் பேப்பர் தர்றேன்னாரு" என்று காத்திருக்கும் அந்த ஒரு வாரமும் 60 நாளில் கழிந்துகொண்டேதான் இருக்கும். முகமையின் கையில் படிவம் போனால்தான் கணக்கு நிற்கும். கொடுத்ததற்கான ரசீதோ, தேதி முத்திரையிட்ட நகலோ வாங்கி வைக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு வீடுகளுக்குப் படிவம் கொடுக்கலாமா? அது அந்தந்த முகமையின் விதியைப் பொறுத்தது. பல இடங்களில் ஒரு நேரத்தில் ஒரு வீடுதான்.

இரண்டு மாசம் போதாதா?

சென்னையில் வீடு தேடியவர்களுக்கு இந்த அலைச்சல் ஓரளவு புரியும். 'பேச்சுலர்களுக்கு இல்லை', 'சைவம் மட்டும்' என்று எத்தனை நிபந்தனைகள்! வவுச்சரோடு வீடு தேடுபவர்களுக்கு அதைவிட அதிகமாகவே தடைகள் இருக்கின்றன.

முதல் தடை, வாடகை வரம்பு. ஒவ்வொரு பகுதிக்கும் 'நியாயமான சந்தை வாடகை' எவ்வளவு என்று ஹட் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. பொதுவாக அதில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் முகமை தன் 'உதவி வரம்பை' வைத்துக்கொள்ளும். வாடகை அந்த வரம்பைத் தாண்டினால், கூடுதல் தொகையைக் குடும்பமே கட்ட வேண்டும். அப்படிக் கட்டினாலும், புதிதாகக் குடியேறும்போது குடும்பத்தின் பங்கு அதன் வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அதே தாயின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அனுமதிக்கப்பட்ட கழிவுகள் போக அவருடைய மாத வருமானம் 1,500 டாலர். அதில் 30 சதவீதம், அதாவது 450 டாலர் அவருடைய பங்கு. அவர் ஊரில் உதவி வரம்பு 1,600 டாலர் என்றால், முகமை அதிகபட்சம் 1,150 டாலர் கொடுக்கும்.

மின்சாரம், எரிவாயு எல்லாம் சேர்த்து 1,600 டாலரில் வீடு கிடைத்தால் பிரச்சினை இல்லை. 1,750 டாலர் என்றால் கூடுதல் 150 டாலரையும் சேர்த்து அவர் 600 டாலர் கட்ட வேண்டும். அது வருமானத்தில் சரியாக 40 சதவீதம், அனுமதி உண்டு. 1,800 டாலர் என்றால் அவர் பங்கு 650 டாலர், 43 சதவீதத்துக்கும் மேல். "நான் எப்படியாவது கட்டிக்கிறேன்" என்று அவர் சொன்னாலும் முகமை அனுமதிக்காது. 50 டாலர் வித்தியாசத்தில் வீடு கைநழுவிவிடும்.

"மேலே உள்ள 50 டாலரைத் தனியா கையில கொடுத்துடுங்க" என்று சில உரிமையாளர்கள் சொல்வதுண்டு. அது விதிமீறல். தெரியவந்தால் உதவியே ரத்தாகலாம்.

இரண்டாவது தடை, உரிமையாளரின் மறுப்பு. சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்போமே, அந்தக் கதைதான். வாஷிங்டனில் உள்ள 'அர்பன் இன்ஸ்டிடியூட்' என்ற ஆய்வு நிறுவனம் ஹட் துறைக்காக நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. ஐந்து இடங்களில் உரிமையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, "வவுச்சர் வாங்கிக்கொள்வீர்களா?" என்று கேட்டார்கள். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 78 சதவீதம் பேர் முடியாது என்றார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் 76, ஃபிலடெல்ஃபியாவில் 67, நியூவார்க்கில் 31, வாஷிங்டனில் 15 சதவீதம்.

அந்த ஆய்வுக்காக அவர்கள் பார்த்த விளம்பரங்கள் 3.4 லட்சத்துக்கும் மேல். வவுச்சர் வரம்புக்குள் வரக்கூடிய ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க சராசரியாக 39 விளம்பரங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிக் கண்டுபிடித்த வீட்டின் உரிமையாளர்தான் மேலே சொன்ன விகிதத்தில் மறுக்கிறார்.

மூன்றாவது, பரிசோதனை. வீடு பாதுகாப்பாகவும் சுகாதாரமாகவும் இருக்கிறதா என்று முகமை பார்த்த பிறகுதான் ஒப்புதல். சிறிய முகமைகள் 15 நாட்களுக்குள் இதை முடிக்க வேண்டும். பெரிய முகமைகளுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. 'நியாயமான காலத்துக்குள்' முடித்தால் போதும். அந்த நாட்களில் குடும்பத்தின் கடிகாரம் நின்றிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் உரிமையாளருக்கு வீடு காலியாகக் கிடக்கிறது, வாடகை வரவில்லை. வேறு யாராவது கையில் பணத்தோடு வந்தால் அவர்களுக்கே கொடுத்துவிடுவார்.

நான்காவது, முன்பணம். வவுச்சர் மாத வாடகைக்குத்தான். பாதுகாப்பு வைப்புத்தொகை, விண்ணப்பக் கட்டணம், சாமான் ஏற்றி இறக்கும் செலவு ஆகியவை வழக்கமான வவுச்சரில் வராது. சில ஊர்களில் தனி உதவி உண்டு. எல்லா ஊரிலும் இல்லை.

இவ்வளவும் சேர்ந்தால் என்ன ஆகும்? 2019-இல் வவுச்சர் பெற்றவர்களைப் பற்றி நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹட் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். பெருநகரப் பகுதிகளில் சுமார் 60 சதவீதம் பேர்தான் வீடு பிடித்தார்கள். மீதி 40 சதவீதம் பேர், வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வவுச்சரைப் பயன்படுத்த முடியாமல் இழந்தார்கள்.

மறுப்பது சட்டப்படி குற்றம் இல்லையா?

எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இனம், மதம், மாற்றுத்திறன், குழந்தைகள் இருப்பது போன்ற காரணங்களுக்காக வீடு மறுப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. ஆனால் 'வாடகை எங்கிருந்து வருகிறது' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஓட்டையைச் சில மாநிலங்கள் அடைத்திருக்கின்றன. மாசசூசெட்ஸ், நியூஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் வவுச்சர் என்பதற்காகவே மறுப்பது சட்டவிரோதம். டெக்சாஸில் நிலைமை நேர் எதிர். அங்கே நகரங்கள் அப்படி ஒரு பொதுவான விதி கொண்டுவருவதையே 2015-இல் மாநில அரசு தடுத்துவிட்டது.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. மேலே சொன்ன ஆய்வில் ஃபிலடெல்ஃபியாவைப் பாருங்கள். அந்த நகரில் பாதுகாப்பு விதி இருந்தும் 67 சதவீதம் பேர் மறுத்தார்கள். புகார் கொடுத்து நடவடிக்கை எடுக்க வைப்பதற்குள் 60 நாள் முடிந்துவிடும்.

கூடுதல் நாட்கள் கேட்டால் கொடுப்பார்களா?

கேட்கலாம். கொடுப்பதா வேண்டாமா, எத்தனை நாள், எத்தனை முறை என்பது முகமை வகுத்து வைத்திருக்கும் நிர்வாகத் திட்டத்தைப் பொறுத்தது. பல முகமைகள் 30 நாள் அல்லது 60 நாள் நீட்டிப்பு தருகின்றன. தேடியதற்கு ஆதாரம் கேட்கும் முகமைகளும் உண்டு.

ஒரே ஒரு சூழலில் மட்டும் முகமை மறுக்க முடியாது. குடும்பத்தில் ஒருவருக்கு மாற்றுத்திறன் இருந்து, அதனால் வீடு தேடுவது கடினமாகிறது என்றால், அதற்குத் தேவையான அளவு காலத்தை நீட்டித்துத் தர வேண்டும் என்று விதியே சொல்கிறது. சக்கர நாற்காலி நுழையும் வாசல் உள்ள வீடு, படியேற முடியாதவருக்குத் தரைத்தள வீடு என்று தேடுபவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் அதையும் கேட்டால்தான் கிடைக்கும்.

மறுத்துவிட்டால் மேல்முறையீடு உண்டா? இங்கேதான் சிக்கல். முகமையின் பல முடிவுகளை மறுஆய்வு செய்யக் கோரலாம். ஆனால் 'நீட்டிப்பு தர முடியாது' என்ற முடிவுக்கு மறுஆய்வு வாய்ப்பு கொடுக்க வேண்டிய கட்டாயம் முகமைக்கு இல்லை. வவுச்சர் படிவத்திலேயே இன்னொன்றும் அச்சிடப்பட்டிருக்கிறது: வவுச்சர் கையில் இருப்பதால் மட்டும் குடும்பம் திட்டத்தில் சேர்ந்துவிட்டதாகாது, உரிமையாளரும் முகமையும் போடும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அது பயனாளி.

அதனால் நீட்டிப்புக் கோரிக்கையை வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. எழுத்தில், கெடு முடிவதற்கு முன்பே போய்ச்சேர வேண்டும். கெடு முடிந்த மறுநாள் போய் நின்றால், நீட்டிப்பதற்கு அங்கே வவுச்சரே இருக்காது.

எல்லா வவுச்சருக்கும் இதே 60 நாளா?

இல்லை. வீடில்லாத முன்னாள் ராணுவத்தினருக்கான 'ஹட்-வாஷ்' வவுச்சருக்குக் குறைந்தபட்சத் தேடல் காலம் 120 நாட்கள். கொரோனா காலத்தில், 2021 மார்ச்சில் நிறைவேறிய நிவாரணச் சட்டத்தின் கீழ் 70,000 'அவசரகால வீட்டு வவுச்சர்கள்' ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கும் 120 நாட்கள்தான். பழைய 60 நாள் போதவில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது போலத்தான் இது.

அந்த அவசரகாலத் திட்டத்துக்கு வேறொரு கெடுவும் இருந்தது. 2023 செப்டம்பர் 30-க்குப் பிறகு, ஒரு குடும்பம் விட்டுச்சென்ற வவுச்சரை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க முடியாது. ஒதுக்கிய பணமும் 2026-க்குள் தீர்ந்துவிடும் என்று 2025-இல் ஹட் முகமைகளை எச்சரித்தது.

'திட்டம் சார்ந்த வவுச்சர்' என்று இன்னொரு வகை உண்டு. அதில் உதவி குறிப்பிட்ட ஒரு கட்டடத்தோடு இணைந்திருக்கும். வெளியே வீடு தேடும் வேலை இல்லை என்பதால் இந்தத் தேடல் கெடுவும் இல்லை.

வேறு ஊருக்குப் போனால்?

வவுச்சரை எடுத்துக்கொண்டு வேறு முகமையின் எல்லைக்குள் குடிபோகலாம். முதல் வருடத்தில் இதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. காகிதங்கள் ஒரு முகமையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கே நாளாகும் என்பதால் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். புதிய ஊரின் முகமை கொடுக்கும் வவுச்சர், பழைய வவுச்சரின் காலாவதித் தேதியிலிருந்து குறைந்தது 30 நாட்களுக்குப் பிறகே முடிய வேண்டும். பழையது ஜூன் 1-இல் முடிகிறது என்றால், புதியது ஜூலை 1-க்கு முன் முடியக் கூடாது.

ஆனால் பழைய வவுச்சர் உயிரோடு இருக்கும்போதே மாற்றக் கோரிக்கை போய்ச்சேர வேண்டும். கடைசி வாரத்தில் தொடங்கினால் சிரமம்தான்.

வீடு கிடைத்த பிறகு நிம்மதிதானே?

முக்கால்வாசி. அதன் பிறகும் சில கெடுக்கள் இருக்கின்றன.

வாடகை ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முகமைக்கும் உரிமையாளருக்கும் இடையிலான பண ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். தவறினால் அந்த ஒப்பந்தம் செல்லாது. உரிமையாளருக்கு உதவித்தொகை போகாது.

குடும்பம் முழுவதும் தொடர்ந்து 180 நாட்களுக்கு மேல் வீட்டில் இல்லாமல் இருந்தால் உதவி நின்றுவிடும். முகமைகள் இதைவிடக் குறைந்த வரம்பும் வைக்கலாம்.

வருமானம் உயர்ந்து, முழு வாடகையையும் குடும்பமே கட்டும் நிலை வந்தால் உதவித்தொகை பூஜ்யமாகும். அப்படி 180 நாட்கள் ஆனால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும். அதற்குள் வேலை போய்விட்டால், உடனே முகமையிடம் தெரிவித்து உதவியை மீண்டும் பெறலாம்.

இருக்கும் வீட்டிலிருந்து மாற நினைப்பவர்களுக்கும் புதிய வவுச்சர், புதிய தேடல் கெடு. பழைய வீட்டைக் காலி செய்வதாக அவசரப்பட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கெடுவுக்குள் அடுத்த வீடு கிடைக்காமல் போனால் இரண்டும் இல்லை என்ற நிலை வரும். முதலில் முகமையிடம் பேசிவிட்டுத்தான் நோட்டீஸ்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

முகமைகளின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. வவுச்சர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒருவர் கையில் பயன்படாமல் கிடக்கும் வவுச்சருக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது. ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காத முகமைக்கு அடுத்த ஆண்டுப் பணம் குறையவும் வாய்ப்புண்டு. அதனால், "முடியலைன்னா அடுத்தவருக்குக் கொடுத்துடலாம்" என்று நினைக்கிறார்கள்.

ஆனால் இதில் அடிபடுவது யார் என்று பார்க்க வேண்டும். கார் இல்லாதவர், இரண்டு வேலை பார்ப்பவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், கடன் வரலாறு சரியில்லாதவர், பெரிய குடும்பம் உள்ளவர் ஆகியோருக்குத்தான் வீடு தேட அதிக நாள் பிடிக்கும். உதவி அதிகம் தேவைப்படுபவர்களே முதலில் கெடுவைத் தவறவிடுகிறார்கள். அடுத்தவருக்குப் போகும் வவுச்சரும் அதே சந்தையில், அதே 60 நாளோடுதான் தேடத் தொடங்கும்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு இது பொருந்துமா?

குடியுரிமை பெற்றவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதி அல்லது புகலிட அந்தஸ்து பெற்றவர்கள் வருமான வரம்புக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவிலோ எச்-1பி வேலை விசாவிலோ இருப்பவர்களுக்குத் தகுதி இல்லை. விசா நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நினைவில் வைக்க வேண்டியவை

* பட்டியலில் காத்திருக்கும்போது முகவரி, தொலைபேசி எண் மாறினால் உடனே தெரிவியுங்கள். முகமையின் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

* வவுச்சர் வந்த அன்றே காலாவதித் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு உள்ள தேதியையும் குறியுங்கள். அன்று வரை வீடு அமையாவிட்டால், அன்றே நீட்டிப்புக் கடிதம்.

* பார்த்த வீடு, பேசிய நாள், கிடைத்த பதில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நீட்டிப்பு கேட்கும்போது அதுதான் ஆதாரம்.

* வீட்டைப் பார்க்கப் போகும்போதே ஒப்புதல் கோரிக்கைப் படிவத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். உரிமையாளர் சம்மதித்தால் அங்கேயே கையெழுத்து வாங்கிவிடலாம்.

* மாற்றுத்திறன் காரணமாகக் கூடுதல் காலம் தேவையென்றால், அந்தக் காரணத்தைக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்.

* "வவுச்சர் வாங்க மாட்டோம்" என்று மறுத்தால், உங்கள் மாநிலத்தில் அது சட்டவிரோதமா என்று இலவசச் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். புகார் கொடுத்த விவரத்தை நீட்டிப்புக் கடிதத்திலும் சேருங்கள்.

நம் உதாரணத்தில் வந்த தாயிடமே திரும்புவோம். மறுப்புக் கடிதம் வந்தபோது அவர் கையில் இருந்தது 20 நாட்கள். அது தெரியாமல், மே 2-ஆம் தேதியே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தால் தேடுவதையே நிறுத்தியிருப்பார். தெரிந்ததால் மே 17 வரை தேடலாம். அதற்கு முன்பே நீட்டிப்பும் கேட்கலாம்.